வூட்டுக்கு ரெண்டு காளை

போன மாதம் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் நாட்டு மாடுகளைக் காப்பது பற்றிக் கூட்டம் போட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளன் என்பதால் என்னையும் கூப்பிட்டு, தோளில் ஒரு துண்டைப் போட்டு, மேடையில் உட்கார வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய படம். கொம்பைத் தாழ்த்திக்கொண்டு சீறிவரும் காளை. அதன் கீழே வீரம், மரபு, பெருமை என்று மூன்று சொற்கள். அந்தப் படத்தில் இருந்த மாடு இந்தப் பக்கத்து மாடே இல்லை. யாரிடம் சொல்வது?

கூட்டத்தை நடத்திய இளம் டாக்டர் நல்ல பிள்ளை. மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டி, "ஐயா, எழுபதுகள்லேருந்து இந்தப் பக்கம் வேலை பாத்தவங்க நீங்க. அந்தக் காலத்துல நாட்டு மாட்டை எப்படிங்க பாதுகாத்தீங்க?" என்று கேட்டார்.

"பாதுகாக்கல தம்பி. இடுக்கி போட்டு நசுக்குனோம்" என்றேன்.

மண்டபமே கைதட்டிச் சிரித்தது. நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். டாக்டரும் சிரித்துக்கொண்டே மைக்கை அடுத்தவரிடம் கொண்டுபோனார். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மைக்கில் சொன்னால் சிரிக்கிறார்கள், எழுத்தில் வந்தாலாவது படிப்பார்களா பார்ப்போம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஊரார் மாட்டை மேய்த்தார், அம்மா நடவுக்குப் போனாள். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, கால்நடை ஆய்வாளர் பயிற்சியும் முடித்து, அரும்பாவூருக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு கிளை நிலையத்துக்கு வேலைக்கு வந்தேன். நிலையம் என்றால் ஓட்டுக் கொட்டகை, ஒரு மேசை, மாட்டை நிறுத்த மரச்சட்டம், ஒரு சைக்கிள். சர்க்கார் அனுப்பும் சுற்றறிக்கையை நான் அப்போதெல்லாம் எழுத்து விடாமல் படிப்பேன். நாட்டு மாடு கறப்பது கால்படி. ஜெர்சிக் கலப்பில் பிறந்தது படி படியாகக் கறக்கும். ஏழை வீட்டுக்குப் பால் வரும். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பால் வந்ததும் உண்மைதான். அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை.

இந்தக் கலப்பினத் திட்டத்துக்கு இரண்டு கைகள். ஒரு கை ஊசி. ஜெர்சிக் காளையின் விந்தை முட்டை மஞ்சள் கரைசலில் கலந்து, சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் திருச்சியிலிருந்து அனுப்புவார்கள். நான் அதைப் பசுவுக்குச் செலுத்த வேண்டும். சினை ஊசி என்று ஊரில் பெயர். எனக்கு 'ஊசிக்காரத் தம்பி' என்று பெயர். இன்னொரு கை இடுக்கி. ஊசி போடும் ஊர்களில் நாட்டுப் பொலிமாடு திரியக் கூடாது, திரிந்தால் பசுக்களோடு சேர்ந்து நம் வேலையைக் கெடுத்துவிடும். ஆகவே ஆகாத மாட்டையெல்லாம் பிடித்துக் காயடி என்று உத்தரவு. எது ஆகும், எது ஆகாது? ஜெர்சி ஆகும். மற்றது ஆகாது. உத்தரவில் நாட்டு மாட்டுக்கு ஒரு பெயர்கூட இல்லை. 'இன்னதென்று சொல்லமுடியாத இனம்' என்று ஒரே போடு. சொல்ல முடியாதவர்கள் எழுதிய உத்தரவு, வேறு எப்படி இருக்கும்?

என் மேலதிகாரி பெரம்பலூரில் இருந்த கால்நடை மருத்துவர் சௌந்தரராஜன். மெட்ராஸ்காரர். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. எந்தத் தொழுவத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு தடவை, வேலைக்கு நடுவில் ஒரு தடவை, முடித்து ஒரு தடவை முழங்கை வரை சிவப்பு சோப்புப் போட்டுக் கழுவுவார். அவசரமே பட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். எதைக் கேட்டாலும் "சிம்பிள் மேட்டர்" என்பார். திட்டினால்கூடச் சகித்துக்கொள்ளலாம், இந்தச் சிம்பிள் மேட்டர் இருக்கிறதே, அது ஆளைக் கொல்லும்.

ஆனால் கைவேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் வேலைக்கு வந்த புதிதில், கன்று வயிற்றுக்குள் தலையைத் திருப்பிக்கொண்டு கிடந்த ஒரு பசுவுக்கு அவரைக் கூட்டிப் போனேன். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சாணியிலும் மூத்திரத்திலும் குப்புறப் படுத்தார். கையை உள்ளே விட்டுக் கன்றின் வாயைத் தேடி, கீழ்த்தாடையில் கயிற்றைக் கோத்து, தாய்மாடு முக்கும்போது விட்டுக்கொடுத்து, ஓயும்போது தலையைத் திருப்பி, ஒரு நோவு இல்லாமல் எடுத்துப் போட்டார். கன்று காதை ஆட்டியது. எழுந்து கைகழுவியபடி என்னிடம் சொன்னார்: "கலியமூர்த்தி, ஊர்க்காரன் ஆயிரம் சொல்வான். முதல்ல குனிஞ்சு பாரு. அப்புறம் பேசு."

அப்படிச் சொன்ன மனிதர்தான் அந்த ஊரில் குனியாமல் பேசினார். அதுதான் என் ஆத்திரமே.

ஊர்ப் பெயர் வேண்டாம், பேரன்மார்கள் சண்டைக்கு வருவார்கள். பச்சைமலையைப் பார்த்த ஊர். ஊருக்கு ஒரு கோயில் மாடு உண்டு. அய்யனாருக்கு நேர்ந்து விட்ட பொலிமாடு. கருஞ்செவலை, திமில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், கொம்பு இரண்டும் மேலே போய் உள்ளுக்குத் திரும்பும். மூக்கணாங்கயிறு கிடையாது. அதன் மேல் யாரும் கயிறு போடக் கூடாது என்பது ஊர்க் கட்டு. யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது, வாயால் கெஞ்சலாம். தை மாதம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஜல்லிக்கட்டில் வாடியிலிருந்து முதலில் இறங்குவது அதுதான். அது இறங்கும்போது மாடுபிடிக்கிற இளவட்டமெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கும்பிட்டு நிற்கும். அது போன பிறகுதான் வெளியூர் மாடுகளை அவிழ்ப்பார்கள். அது இறங்கவில்லை என்றால் ஜல்லிக்கட்டே இல்லை.

அந்த வருஷம் மார்கழியில் டாக்டர் ஜீப்பில் வந்தார். எங்கள் நிலையத்தில் ஊசி போட்ட பசுக்களில் பாதிக்கு மேல் சினை நிற்கவில்லை, ஏன் என்று மேலே கேட்டிருக்கிறார்கள். பெரம்பலூரில் இன்னொரு கூட்டம் இருந்ததால் இறங்கக்கூட இல்லை. ஜீப்பில் உட்கார்ந்தபடியே கோயில் தர்மகர்த்தா வேலாயுதத்தை அழைத்தார். அவர் ஊரின் பெரிய சம்சாரி. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஊர்ல எத்தனை காளை இருக்கு?"

"அதுக்கென்னங்க குறைச்சல்? வூட்டுக்கு ரெண்டு காளை இருக்கு."

"எல்லா வீட்டிலயுமா?"

"நிலம் நீச்சு இருக்கிறவன் வூட்டுல எல்லாம் இருக்குங்க. காளை இல்லாம என்ன குடித்தனம்?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊர் முழுக்கக் காளை, பிறகு ஊசி எப்படி நிற்கும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். தப்பு அங்கேதான். அந்த ஊரில் காளை என்றால் வண்டிமாடு. ஏர் மாடு. காயடித்து நுகத்தில் பூட்டியது எதுவோ அது காளை. காயடிக்காதது பொலிமாடு. எறையூர் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஊரில் இருந்த இளங்கன்றையெல்லாம் காயடித்து வண்டியில் பூட்டிவிட்டார்கள். பொலிமாடு என்று மிஞ்சியது கோயில் மாடு ஒன்றே ஒன்று. சுற்றுப்பட்டுச் சிற்றூர்களிலிருந்தும் பசுவை அங்கேதான் ஓட்டி வந்தார்கள்.

"சார், இவங்க காளைன்னு சொல்றது..."

"எனக்குத் தமிழ் தெரியும், கலியமூர்த்தி."

"இல்ல சார், அது வந்து..."

"அந்தக் கோயில் மாடு யாரோடது?" என்று தர்மகர்த்தாவிடம் கேட்டார்.

"அய்யனாருதுங்க."

"ஓனர் யாருன்னு கேக்கறேன்."

"அவருதாங்க."

"சரி. ஓனர் இல்லாத மாடு. யார் சம்மதமும் தேவையில்லை. ஊர்ல இத்தனை காளை இருக்கும்போது இது ஒண்ணு எதுக்கு? முதல்ல இதை முடிப்போம், மத்ததை அப்புறம் ஒவ்வொண்ணா பார்க்கலாம். சிம்பிள் மேட்டர்." ஜீப் போய்விட்டது.

நான் தர்மகர்த்தாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, பொலிமாடு ஒண்ணுதான் இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவரு பொலிமாட்டையா கேட்டாரு? காளையைக் கேட்டாரு, சொன்னேன். காளையைக் காளைன்னு சொல்லாம கழுதைன்னா சொல்லுவாங்க?"

"கோயில் மாட்டைக் காயடிக்கப் போறாங்க. புரியுதா உங்களுக்கு?"

அப்போதுதான் அவருக்கு முகம் மாறியது. மாறி என்ன சொன்னார் தெரியுமா? "காயடிச்ச மாட்டை எப்புடிப்பா வாடியில எறக்குறது? பக்கத்து ஊருக்காரன் வாயால சிரிக்க மாட்டானே!" சுற்றி நின்றவர்களும் அதையேதான் பேசினார்கள். ஜல்லிக்கட்டு நின்றுபோகும், மானம் போகும், முதல் மரியாதை என்ன ஆகும். அடுத்த வருஷம் ஊரில் ஒரு பசுவாவது சினையாகுமா என்று ஒருத்தர் கேட்கவில்லை.

கேட்டது அஞ்சலை ஒருத்திதான். புருஷன் இல்லாதவள். இரண்டு பிள்ளைகள், ஒரே பசு. அந்தப் பசுவுக்கு நான் மூன்று தடவை ஊசி போட்டும் நிற்கவில்லை. இனி நிற்காவிட்டால் அடிமாட்டுக்காரனுக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

"தம்பி, ஒன் ஊசியில கன்னு வராதுன்னு ஆயிப்போச்சு. அடுத்த வாட்டி அய்யனாரு மாட்டுக்கு ஓட்டலாம்னு இருந்தேன். அதையும் நசுக்கிப்புட்டா நான் என் மாட்டை யாருகிட்ட ஓட்டுவேன், ஒங்க டாக்டரு கிட்டயா?"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஊசி நிற்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். பிளாஸ்க் திருச்சியிலிருந்து காலை பஸ்ஸில் பெரம்பலூர் வரும். அங்கிருந்து எங்கள் பக்கத்துக்கு மதியம் ஒரே பஸ். அது வந்தால் வரும். ஐஸ் பெரம்பலூரிலேயே பாதி கரைந்துவிடும். குப்பியில் இருக்கும் உயிர் குளிர்ச்சியில்தான் தாங்கும், சூடு பட்டால் செத்துப்போகும். இதை எத்தனையோ முறை எழுதிக் கேட்டாயிற்று. டெக்னிக்கைச் சரி செய்யவும் என்று பதில் வரும்.

மறுநாள் பெரம்பலூர் ஆபீசுக்கே போனேன். நான் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தவன். அவர் ஒரு வார்த்தை எழுதினால் வேலை போய்விடும், எங்கள் வீட்டில் அடுத்த தம்பியின் படிப்பும் போய்விடும். நின்றுகொண்டே சொன்னேன். "சார், நீங்கதான் குனிஞ்சு பார்த்துட்டுப் பேசணும்னு சொன்னீங்க. ஊர்ல உள்ள அத்தனை காளையையும் வரிசையா நிறுத்தறேன். நீங்களே பாத்துடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

பேனாவை மூடி வைத்தார். "காயடிக்க வர்ற அன்னைக்கே பார்த்துடலாம். சிம்பிள்" என்றார்.

டாக்டர் காளைகளைப் பார்வையிட வருகிறார் என்று நான் ஊரில் சொல்லப்போக, அது பரிசு கொடுக்கப் போகிறார் என்று ஆகிவிட்டது. எப்படி ஆயிற்று என்று கேட்காதீர்கள். அன்று காலை போய்ப் பார்த்தால், பொங்கலுக்கு முன்பே கொம்புக்கு வண்ணம் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டி, ஊர்க் காளையெல்லாம் கோயில் பொட்டலில் வரிசை கட்டி நின்றன. தர்மகர்த்தாவின் ஜோடிதான் முதலில். கோயில் மாடு மட்டும் எதிலும் சேராமல் புளியமரத்தடியில் படுத்து அசைபோட்டது.

டாக்டர் வந்தார். ஜீப்பிலிருந்து உதவியாளர்கள் இருவர் இறங்கினார்கள், ஒருவன் கையில் கயிறு, மற்றவன் கையில் இடுக்கி. டாக்டர் கை கழுவினார். வரிசையின் தலைமாட்டில் போய் முதல் மாட்டின் பின்பக்கம் நின்று, குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அடுத்த மாட்டுக்குப் போய்க் குனிந்தார். அதற்கடுத்தது. ஒன்றையும் விடவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் கையால் தொட்டும் பார்த்தார்.

"ஏன்டா, டாக்டரு கொம்பைப் பாக்காம எல்லாத்துக்கும் கீழயே பாத்துக்கிட்டுப் போறாரு?"

"எதையோ தொலைச்சுட்டாரு போல."

"இங்க தேடுனா எப்புடிக் கெடைக்கும்? அதான் எப்பவோ எடுத்தாச்சே!"

அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி மாடு வரை போய், திரும்பி வந்து, மறுபடி சோப்பைக் கேட்டார். கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நீ சொன்னதுதான் சரி, கலியமூர்த்தி. இந்த ஊர்ல காளையே இல்லை."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா ஒரு மூச்சுக்குக்கூட நீடிக்கவில்லை.

"ரொம்ப நல்லதாப் போச்சு. இந்த ஒண்ணை முடிச்சுட்டா ஊரே சுத்தம். நூத்துக்கு நூறு நம்ம ஊசிதான். சிம்பிள் மேட்டர்."

பொலிமாடு நிறைய இருக்கிறது என்றாலும் காயடிக்க வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது என்றாலும் காயடிக்க வேண்டும் என்றால், இவ்வளவு மாட்டையும் குளிப்பாட்டி எதற்கு நிறுத்தினேன்?

தர்மகர்த்தா முன்னால் வந்தார். "டாக்டரய்யா, சாமி மாட்டு மேல கயிறு போட இந்த ஊருல ஆளு கெடையாதுங்க."

"நான் ஆள் கொண்டுவந்திருக்கேன்."

கயிறு வைத்திருந்த உதவியாளன் மரத்தடியைப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்தான். "சார், எனக்கு மாமியார் வூடு பக்கத்து ஊருங்க. நாளைக்கி நான் இந்த ரோட்டுலதான் வரணும்" என்று கயிற்றைக் கீழே வைத்துவிட்டான். இரண்டாமவன் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"கலியமூர்த்தி, கயிறு."

எடுத்தேன். காயடிப்பது எனக்குப் புதிதில்லை. மாட்டைக் கயிற்றில் சுருக்கிப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். விதைக்கு மேலே தோலுக்குள் ஓடும் நரம்பை விரலால் நாடி, ஓரத்துக்குத் தள்ளி, இடுக்கியின் வாயை அதன்மேல் வைத்து அழுத்தினால் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு விரற்கடை கீழே இன்னொரு தடவை. மறுபக்கத்தில் அதே நேர்கோட்டில் வைக்கக் கூடாது, ரத்த ஓட்டம் நின்று தோல் அழுகிவிடும். ரத்தம் வராது. டிங்சர் தடவினால் முடிந்தது. அந்தச் சத்தம் ஒன்றுதான். அதற்குப் பிறகு அந்தச் சாய்ந்த திமிலும் உள்திரும்பிய கொம்பும் அந்த மாட்டோடு சரி.

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அஞ்சலையைக் காட்டி, "சார், ஒரு விஷயம்" என்றேன். "இந்தம்மா மாடு காலையிலேருந்து கத்துது, பருவத்துல இருக்கு. என் கையில மூணு தரம் தவறிடுச்சு. நீங்க இன்னைக்கு ஒரு ஊசியப் போட்டுக் காட்டிட்டா ஊருக்கு நம்பிக்கை வந்துடும். அப்புறம் காயடிச்சா யாரும் கேக்க மாட்டாங்க." தள்ளிப்போடத்தான் சொன்னேன். வேறு யோசனை எதுவும் அந்த நிமிஷம் என் மண்டையில் இல்லை.

அஞ்சலை விடவில்லை. "ஆமாங்க டாக்டரய்யா. இந்தத் தம்பி போட்ட ஊசிக்குக் காய்ச்சல்கூட நிக்காது."

"என் கையால போடறேன், நிக்கும்" என்றார். கைவேலை என்றால் அவரால் மறுக்க முடியாது. "சோப்பு. வெந்நீர். பிளாஸ்க் எங்கே?"

"பஸ்ஸு இப்ப வரும் சார்."

வந்தது. ஓடிப்போனேன். கண்டக்டர் புது ஆள். டிரைவர் பக்கத்தில் இருந்த எஞ்சின் மூடியின் மேலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டினார். "கண்ணாடி சாமான்னு சொன்னாங்க சார். கீழ வச்சா உருளும்னு எஞ்சின் மேலயே வச்சு பத்திரமா கொண்டாந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பஸ்ஸையே கவிழ்த்திருப்பேன். அப்படியே கொண்டுபோய் டாக்டர் கையில் கொடுத்தேன். கண்டக்டர் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

பொட்டலில் பசுவைக் கட்டியிருந்தார்கள். டாக்டர் முழங்கை வரை நுரையோடு நின்றார். உள்ளங்கையை மட்டும் துடைத்துவிட்டுப் பிளாஸ்க்கைத் திறந்தார். ஐஸ் இல்லை, தண்ணீர். குப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அதுதான் அவர் வழக்கம், கையைவிடக் கன்னம் பொய் சொல்லாது என்பார்.

"எப்பவும் இப்படித்தான் வருதா?"

"மழை நாள்ல கொஞ்சம் தேவலாம் சார்."

அவர் குப்பியைத் திரும்பப் பிளாஸ்க்கில் போட்டார். பசு கத்தியது. புளியமரத்தடியில் படுத்திருந்தது எழுந்தது. யாரும் ஓட்டவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. வண்ணம் பூசிய கொம்புகளுக்கு நடுவே, எந்தக் காளையையும் திரும்பிப் பார்க்காமல், நேரே நடந்து வந்தது. ஊர் இரண்டு பக்கமும் ஒதுங்கிற்று, ஜல்லிக்கட்டில் ஒதுங்குகிற மாதிரியே. டாக்டரும் இரண்டடி பின்வாங்கினார். அதன் பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. டாக்டர் போட இருந்த ஊசியை அது போட்டுவிட்டது.

"டாக்டரய்யா, நுரை காயுது. கையை அலம்பிக்கிடுங்க" என்றாள் அஞ்சலை.

அவர் கையை அலம்பினார். மூன்றாவது தடவை. சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதை இன்னைக்கு முடிச்சிருந்தா இந்த ஊர்ல அடுத்த வருஷம் கன்னே இருக்காது, இல்லையா?" என்றார்.

"ஆமா சார்."

"ஐஸ் ஒழுங்கா வர்ற வரைக்கும் இது இருக்கட்டும். நான் எழுதறேன்." ஜீப்பில் ஏறினார். சிம்பிள் மேட்டர் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

சொன்னபடி எழுதினார். ஐஸ் பெட்டி வேண்டும், காலையிலேயே ஒரு வண்டி வேண்டும் என்று அழுத்தமாக எழுதினார். பல மாதம் கழித்து எங்கள் நிலையத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. ஆவலாகத் திறந்தேன். உள்ளே புத்தம் புதிய இடுக்கி ஒன்று இருந்தது.

அந்தத் தையில் கோயில் மாடு வழக்கம்போல முதலில் இறங்கியது. அய்யனார் டாக்டரின் கையைக் கட்டிவிட்டார் என்று ஊர் கதை கட்டியது. தர்மகர்த்தா மைக்கில் அதை அறிவிக்கவும் செய்தார். கண்டக்டர் பிளாஸ்க்கை எஞ்சின் மேல் வைத்த கதையை நான் சொன்னபோது, "அவரை அங்க வைக்கச் சொன்னதே அய்யனாருதான் தம்பி" என்றார். இவர்களோடு எப்படிப் பேசுவது?

அஞ்சலையின் பசு ஒரு கிடாரிக் கன்று போடும் என்று அவள் காத்திருந்தாள். காளங்கன்று போட்டது. அப்பன் மாதிரியே கருஞ்செவலை, திமில் அதே பக்கம் சாய்வு. கோயில் மாட்டுக்கு வயதாகிறது, இதை அடுத்த பொலிமாடாக விடலாம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு வயது தாண்டிப் பல் போட்டதும் ஒரு நாள் அதை நிலையத்துக்கே ஓட்டி வந்தாள்.

"தம்பி, இதைக் காளையாக்கிக் குடு."

"அக்கா, இதையாவது விடுங்களேன். இதும் போச்சுன்னா ஊர்ல என்ன இருக்கு?"

"கரும்பு வண்டியில யாரு போயி நிப்பா, நீயா? எனக்குக் காளை வேணும். ஒன்னையத்தான் சர்க்காரு அதுக்குன்னு வச்சிருக்கு, இதுக்குன்னா மட்டும் ஒனக்கு நோவுதா?"

ஊரில் அப்போது வசதியுள்ளவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் கன்றையெல்லாம் நுகத்தில் பூட்டிவிட்டு, ஊரின் வித்தைக் காக்கும் பொறுப்பை ஒற்றைப் பசு வைத்திருந்தவள் தலையில் வைக்க முடியுமா? அந்தப் புது இடுக்கியை எடுத்தேன். நறுக்கென்று ஒரு சத்தம். அது காளையாயிற்று. பக்கத்து வீட்டுக் காளையோடு ஜோடி சேர்த்தாள்; நல்ல ஜோடி, பல காலம் எறையூருக்குக் கரும்பு ஏற்றியது.

எண்பதுகளில் என்னைத் திருமானூருக்கு மாற்றினார்கள். கொள்ளிடக் கரை, பச்சைப் பசேல் என்று நெல், நேரத்துக்கு நேரம் பஸ். அங்கே பிளாஸ்க்கில் ஐஸ் ஐஸாகவே வந்து சேர்ந்தது. என் கை திடீரென்று ராசியான கையாகிவிட்டது. போட்ட ஊசியெல்லாம் நின்றது. பாராட்டுக்கூட வந்தது. சில வருஷத்தில் அந்தப் பக்கத்தில் தேடினாலும் நாட்டுப் பொலிமாடு ஒன்று கிடையாது. இப்போது அங்கிருந்து ஆட்கள் வித்துக்கு மாடு தேடி மலையடிவாரத்துக்குப் போகிறார்களாம். அங்கே கோயில் மாட்டின் வாரிசு எப்படியோ மிஞ்சியிருக்கிறதாம். எங்கள் பஸ்ஸில் ஐஸ் தங்காததால் மிஞ்சியது. வீரத்தால் இல்லை, மரபால் இல்லை. பெருமைப்பட அதில் ஒரு துரும்பும் இல்லை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இளம் டாக்டரிடம் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு உடனே போனை எடுத்து, அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, நல்ல சேதி! அந்த ஊர்ல இப்பவும் வூட்டுக்கு ரெண்டு காளை இருக்காம்!"

டீ கிளாசைக் கீழே வைத்தேன். ஊரில் இப்போது வண்டி இல்லை, ஏர் இல்லை, எல்லாம் டிராக்டர். ஆகவே அவர்கள் காளை என்று எதைச் சொல்கிறார்களோ எனக்குத் தெரியாது. ஜல்லிக்கட்டுக்கென்று வாங்கிய வெளியூர் மாடாக இருக்கலாம். அதே திமில் சாய்ந்த மாடாகவும் இருக்கலாம். பேச்சுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம்.

"நேர்ல போங்க தம்பி" என்றேன். "ஒவ்வொரு மாடா நின்னு, குனிஞ்சு பாருங்க. அப்புறம் மைக்கைப் பிடிங்க."